தேடுபொறிக்குத் தெரியாத குருவிகுளம்

2020-ஆம் ஆண்டு மார்ச் 7, சனிக்கிழமை இரவு, சென்னையிலிருந்து குருவிகுளத்தில் இருக்கும் என் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, வங்கியில் போட்டிருக்கும் பணத்தைத் திங்கட்கிழமை முதல் வேலையாக எடுத்துவிடும்படி சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் கை வந்தது.

குருவிகுளத்தை அறியாதவர்களுக்காக: சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையிலான கரிசல் பரப்பில் இருக்கும் ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால் நாலு அரசாங்க அலுவலகங்கள் உண்டு. மற்றபடி மானம் பார்த்த பூமி. பருத்தி, உளுந்து, இப்போது மக்காச்சோளம். மழை தவறினால் தீப்பெட்டி ஆபீசு. (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீசு என்றுதான் சொல்வார்கள்.) பல தலைமுறைகளாகத் திருநெல்வேலி ஜில்லாவாக இருந்து, 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. சித்தப்பா இன்னும் கடிதங்களில் திருநெல்வேலி என்றே எழுதுகிறார்.

அவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஓய்வுபெறும்போது வந்த தொகையில் வீட்டுக்கு மராமத்து பார்த்தது போக மிச்சம் 7 லட்சம் ரூபாய், பக்கத்து ஊரில் இருந்த ஒரு தனியார் வங்கியின் கிளையில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்தது. வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். அது ஒரு தவறும் செய்யவில்லை, இன்றும் நன்றாகவே நடக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.

அந்த வாரம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மார்ச் 5, வியாழக்கிழமை மாலை, ரிசர்வ் வங்கி யெஸ் வங்கியை முடக்கியது. ஏப்ரல் 3 வரை ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது உத்தரவு. அன்றிரவே போன்பே செயலி நின்றுபோயிற்று, ஏனென்றால் அதன் பணப் பரிமாற்றமெல்லாம் அந்த வங்கி வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. யெஸ் வங்கியில் கணக்கே இல்லாதவர்களும் பெட்டிக்கடையில் பாலுக்குக் காசு கொடுக்க முடியாமல் நின்றார்கள். வெள்ளிக்கிழமை காலை என் அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. அடுத்தது எது என்பதே பேச்சு. சமூக ஊடகங்களில் ஒரு பட்டியல் சுற்றியது. ஒவ்வொரு வங்கியின் வைப்புத் தொகையையும் அதன் பங்குகளின் சந்தை மதிப்பையும் அருகருகே வைத்து, எது அபாயம் என்று சிவப்பில் அடையாளமிட்ட பட்டியல். சித்தப்பாவின் வங்கி அதில் சிவப்பு.

நான் தரவுகளை வைத்து வரைபடம் போடுகிற வேலையில் இருப்பவன். வாட்ஸப் பட்டியலை நம்புவது கௌரவக் குறைச்சல் என்று தோன்றியது. எனவே என் துறையின் கருவியை எடுத்தேன். கூகிள் டிரெண்ட்ஸ். 2006-லிருந்து இருக்கிற சேவை. ஒரு சொல்லை மக்கள் எந்த நாளில், எந்த மாநிலத்தில் எவ்வளவு தேடினார்கள் என்பதைக் கோடாக வரைந்து காட்டும்.

இதன் பின்னால் ஒரு கவர்ச்சியான கருத்து இருக்கிறது. மனிதர்கள் கருத்துக்கணிப்புக்காரரிடம் பொய் சொல்வார்கள், தேடுபொறியிடம் சொல்ல மாட்டார்கள். வேலை போனவன் அரசாங்கப் புள்ளிவிவரத்தில் ஏறுவதற்கு முன்பே வேலை தேடித் தட்டச்சு செய்கிறான். கூகிளின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஹால் வேரியனும் ஹியுன்யங் சோயும் 2009-ல் இதைத்தான் எழுதினார்கள். எதிர்காலத்தை அல்ல, நிகழ்காலத்தைக் கணிப்பதே நோக்கம் என்றார்கள்; மாதக் கடைசியில் வரும் புள்ளிவிவரத்தை மாத நடுவிலேயே ஊகித்துவிடலாம். இங்கிலாந்தின் மத்திய வங்கியும் 2011-ல் தன் காலாண்டு இதழில் வேலையின்மைக்கும் வீட்டு விலைக்கும் இதைப் பரிசோதித்துப் பார்த்து, பயன் உண்டு என்று நிதானமாக எழுதியது. அப்படியானால் வங்கிக்கும் பொருந்தாதா? வங்கி என்பதே நம்பிக்கை. நம்பிக்கை ஆட்டங்காணும்போது முதலில் அசைவது விரல்கள்தானே. இப்படி நினைத்துக்கொண்டேன்.

இதே நம்பிக்கையில் 2008-ல் தொடங்கப்பட்ட கூகிள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவின் காய்ச்சலை உண்மையைப் போல் இரு மடங்காகக் கணித்து, 2015-ல் கதவைச் சாத்தியதையும் நான் அறிவேன். காய்ச்சல் வந்தவன் மட்டும் தேடுவதில்லை, காய்ச்சல் பற்றிய செய்தி பார்த்தவனும் தேடுகிறான் என்பது அந்தத் தோல்விக்குப் பலரும் சொன்ன காரணங்களில் ஒன்று. அலுவலகத்தில் இளையவர்களுக்கு இதைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். அன்றிரவு அது நினைவுக்கு வரவில்லை.

சித்தப்பாவின் வங்கிப் பெயரைத் தட்டச்சிட்டேன். ஐந்தாண்டுக் கோடு. பல ஆண்டுகளாகத் தரையோடு தவழ்ந்துவந்த அந்தக் கோடு, கடைசி ஓரத்தில் பனைமரம் போல நிமிர்ந்து நின்றது. உச்சியில் எண்: 100.

*

“என்னப்பா இந்நேரத்துல?” என்றார் சித்தப்பா. மணி ஒன்பதரை இருக்கும். அவருக்கு அது நடு இரவு.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“போன வாரங்கூடப் போனேனே. மானேசர் பையன் எந்திரிச்சு உக்காரச் சொன்னான். காப்பி வாங்கிக் குடுத்தான். அப்படி ஒண்ணும் தெரியலையே.”

“உள்ள நடக்குறது அவருக்கே தெரியாது சித்தப்பா. நான் கூகிள்ல பாத்துட்டுத்தான் சொல்றேன். நூறத் தொட்டுருச்சு.”

“நூறுன்னா?”

“உச்சம்.”

“சரிப்பா. நீ படிச்ச பிள்ளை, சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ரிசர்வ் வங்கி ஒரு விளக்கம் வெளியிட்டது. சில வங்கிகளின் வைப்புகள் பற்றிய கவலை தவறான கணக்கின் மேல் நிற்கிறது, வங்கியின் வலுவை அளப்பது மூலதன விகிதம்தான், சந்தை மதிப்பு அல்ல என்பது அதன் சாரம். சிவப்புப் பட்டியலுக்கு நேரான பதில். அதை நானும் படித்தேன். அபாயம் இல்லையென்றால் ஏன் விளக்கம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பயந்தவனுக்கு மறுப்பும் ஒரு சாட்சியமாகத்தான் தெரியும்.

திங்கட்கிழமை சித்தப்பா போனார், எடுத்தார். முதிர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது முறித்ததால் வட்டியில் சுமார் 18,000 ரூபாய் போயிற்று. அந்த இளம் மேலாளர், ஏன் சார், எங்களிடம் ஏதும் குறையா என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா பொய் சொல்லத் தெரியாதவர். “மெட்ராசுல எங்க அண்ணன் பையன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னான்” என்றாராம். வரிசையில் அப்போது நாலைந்து பேர் நின்றிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், மெட்ராஸ், கம்ப்யூட்டர். இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை.

அந்த வாரத்துக்குள் எங்கள் ஊரிலிருந்து மட்டும் பத்துப் பேருக்கு மேல் போய்ப் பணம் எடுத்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் சித்தப்பாவே இதைச் சொன்னார், ஏதோ தான் ஊருக்கு நல்லது செய்த தொனியில். எனக்கும் அப்போது உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எடுத்தவர்களில் ஒருவர் எதிர்வீட்டு அக்கா. கணவர் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாகத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மகளை நர்சிங் படிக்க வைப்பதற்காகச் சேர்த்த 80,000 ரூபாய் அதே கிளையில் இருந்தது. தெருக்குழாயடியில் சித்தி சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்த பணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்து, தெரிந்த ஒருவரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்தார். மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. தீப்பெட்டி ஆபீசு மூடியது. வட்டியும் நின்றது. அடுத்த இரண்டு வருடத்தில், ஐந்தும் பத்துமாக, பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பி வந்தது.

அவர் எடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தியாவில் வைப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி சரிந்ததை அடுத்து உருவானது. 1962-ல் தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை உத்தரவாதம். 1993-லிருந்து ஒரு லட்சமாக இருந்ததை 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். நான் தொலைபேசியில் பேசுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. வங்கியே மண்ணோடு மண்ணாகப் போயிருந்தாலும் அந்த அக்காவின் 80,000-மும் வந்திருக்கும், தாமதமாக. சித்தப்பாவின் 7 லட்சத்தில் கூடுதலாக இருந்த 2 லட்சத்தை மட்டும் சித்தியின் பெயருக்கு மாற்றியிருந்தால் போதும், அவருக்கும் முழுப் பாதுகாப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை. நூறு என்ற எண்ணைச் சொன்னேன்.

*

ஊரடங்கு நாட்களில் அந்த வரைபடத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். இந்த முறை அலுவலக வேலை போலப் பார்த்தேன்.

முதலில் அந்த நூறு. கூகிள் தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை. மொத்தத் தேடல்களிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து, அதில் இந்தச் சொல்லின் பங்கைக் கணக்கிட்டு, நாம் கேட்ட காலத்துக்குள் எந்தப் புள்ளி உயரமோ அதை நூறு என்று வைத்து மற்றவற்றைச் சுருக்குகிறது. அதாவது எந்த வங்கியைப் போட்டாலும், எவ்வளவு ஆரோக்கியமான வங்கியானாலும், ஏதோ ஒரு வாரம் நூறாக இருந்தே தீரும். காய்ச்சல்மானியில் நூறு என்பதற்கு ஒரு பொருள் உண்டு. இதில் நூறு என்பது வெறும் ‘இருப்பதிலேயே உயரம்’. பத்தாயிரம் பேர் தேடியதும் நூறுதான், பத்து லட்சம் பேர் தேடியதும் நூறுதான். சித்தப்பா “நூறுன்னா?” என்று கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன பதில்கூட ஒருவகையில் சரிதான். எதன் உச்சம் என்றுதான் சொல்லவில்லை.

அடுத்து, யார் எதைத் தேடினார்கள். வரைபடத்தின் கீழே தொடர்புடைய தேடல்கள் என்று ஒரு சிறு பட்டியல் வரும். சாதாரண நாட்களில் ஒரு வங்கியின் பெயரோடு மக்கள் சேர்த்துத் தேடுவது என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஐஎஃப்எஸ்சி எண், இருப்புத் தெரிந்துகொள்ளும் எண், கிளையின் முகவரி, தேர்வு முடிவு. வங்கியின் உடல்நிலை பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அந்த மார்ச் வாரத்தில் பனைமரத்தை நிமிர்த்தியவர்களும் பெரும்பாலும் வைப்பாளர்கள் அல்ல. பட்டியலில் மேலே ஏறியிருந்தது ‘பங்கு விலை’. மார்ச் 2020-ல் பங்குச் சந்தையே கொரோனாவில் விழுந்துகொண்டிருந்தது. எல்லா நிறுவனத்தின் பெயரையும் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு, சிவப்புப் பட்டியலை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவன் நான். நான் பார்த்து அஞ்சிய அந்தப் பனைமரத்தின் ஒரு சிராய் நானும்தான்.

எழுத்து இதழ்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லின் பொருள் இடம் மாறுவது புதிதல்ல. ஆனால் ஒரு சொல் இடம் மாறி ஒரு வங்கியையே தள்ளாட வைத்த கதை ஜப்பானில் நடந்தது. 1973 டிசம்பரில் தொயோகாவா என்ற சிறுநகரத்துக் கூட்டுறவு நிதி வங்கி. ரயிலில் பள்ளி மாணவியர் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருத்திக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. தோழி கேலியாக, வங்கி வேலை ஆபத்தானது என்கிறாள். கொள்ளைக்காரர்கள் வருவார்கள் என்ற பொருளில். அந்தப் பெண் இதை வீட்டில் உறவினரிடம் கேட்க, அவர் இன்னொருவரிடம் கேட்க, ‘ஆபத்து’ என்ற சொல் கைமாறிக் கைமாறி வங்கியே ஆபத்தில் இருக்கிறது என்றாகிவிட்டது. சில நாட்களில் வாசலில் கூட்டம். பிறகு காவல்துறை விசாரித்து வதந்தியின் வழியை ஒவ்வொரு வாயாகப் பின்னோக்கிச் சென்று அந்த ரயில் பெட்டியில் போய் முடித்தது. நான் இதைப் படித்தபோது தெருக்குழாயடியை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் வதந்தியை யாராவது இப்படிப் பின்தொடர்ந்தால் சித்தி, சித்தப்பா, பிறகு சென்னையில் ஒரு மடிக்கணினி. மூன்றே கண்ணிகள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. அந்த மார்ச் வாரத்தில் நான் அறிய உண்மையாகவே மக்கள் பயந்து பணம் எடுத்த இடம் எங்கள் ஊர். அது அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை. மாநிலம் வரை இறங்கும், சில நகரங்கள் வரை இறங்கும். அதற்குக் கீழே, தேடல் மிகக் குறைவாக இருக்கும் இடங்களுக்கு அது பூஜ்யம் என்று காட்டிவிடும். ஆனால் கூகிள் குருவிகுளத்துக்குத் தனிக் கோடு வரைந்திருந்தாலும் பயனில்லை. பணம் எடுத்த அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட எதையும் தேடவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் அப்போது இருந்தது பித்தான் வைத்த பழைய நோக்கியா. அவர்கள் வாத்தியாரைக் கேட்டார்கள், வாத்தியார் என்னைக் கேட்டார். அந்த ஊரின் தேடுபொறி நான்தான்.

*

அந்த வருடமே கருவி சரியாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வங்கி தமிழ்நாட்டில் இருந்தது. கரூரில் 1926-ல் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை மாலை, அதையும் முடக்கினார்கள். ஒரு மாதத்துக்கு 25,000 ரூபாய்தான் எடுக்கலாம். நவம்பர் 27 அன்று சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தார்கள். வைப்பாளர்களுக்கு ஒரு காசு குறையவில்லை. பங்குதாரர்களின் பங்குகள் பூஜ்யமாக எழுதப்பட்டன. தொண்ணூற்று நான்கு வயது வங்கி பத்து நாளில் பெயரிழந்தது.

அன்றிரவு எட்டரை மணிக்குச் சித்தப்பாவே அழைத்தார். செய்தி பார்த்திருக்கிறார்.

“என்னப்பா, கூகிள் இதச் சொல்லலையா?”

கேலியா, உண்மையான கேள்வியா என்று அவர் குரலில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

பார்த்தேன். கோடு நூறைத் தொட்டிருந்தது. அறிவிப்பு வந்த பிறகு. அதற்கு முன்பும் சிறுசிறு மேடுகள் உண்டு. அவையும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் எழுந்தவையே. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அடுத்த மாதம் இந்தியாபுல்ஸ் நிறுவனத்தோடு இணையும் கோரிக்கையை நிராகரித்தது. 2020 செப்டம்பர் 25-ல் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். தேடல் ஒவ்வொரு முறையும் செய்திக்குப் பின்னால் ஓடிவந்தது, பேருந்து புறப்பட்ட பிறகு வரும் பயணியைப் போல.

வங்கியின் உண்மையான உடல்நிலையோ யாரும் தேடாத இடத்தில் வெளிப்படையாகவே கிடந்தது. 2020 மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கு அந்த வங்கியே வெளியிட்ட கணக்கில், கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக் கடன். மூலதன விகிதம் குறைந்தது 9 விழுக்காடு இருக்க வேண்டிய இடத்தில் 1.12. இது முடக்கத்துக்குப் பல மாதங்கள் முன்பே யாரும் படிக்கலாம் என்றிருந்த அறிக்கை. ரிசர்வ் வங்கி அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னதும் இந்த விகிதத்தைப் பார் என்பதுதான். சித்தப்பாவின் வங்கிக்கு அந்த எண் என்ன என்று மார்ச் 7 இரவு பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் பார்த்தேன். தேவைக்கு மேலேயே இருந்தது.

தேடல் வரைபடத்தால் பயனே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அது பயத்தை அளக்கிறது, பயம் சில வேளைகளில் வங்கியை நிஜமாகவே கொல்லும். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுத்துவிட்டார்கள். மறுநாள் வங்கி இல்லை. 2007-ல் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வாசலில் தெருக்கோடி வரை நின்ற வரிசையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சிலிக்கான் வேலிக்காரர்களில் பெரும்பாலோர் செல்பேசியிலேயே முடித்துவிட்டார்கள். அத்தகைய நகரத்தில், வைப்பாளர்களே தட்டச்சு செய்கிறவர்களாக இருக்கும் இடத்தில், தேடலின் கோடு ஒருவேளை சில மணி நேரம் முன்கூட்டிச் சொல்லக்கூடும். அங்கும் அது சொல்வது வங்கியின் நலத்தை அல்ல, பக்கத்து நாற்காலிக்காரரின் நடுக்கத்தை.

சித்தப்பாவுக்கென்று ஒரு வழிமுறை இருந்தது. ஒருநாள் தார்சாவில் உட்கார்ந்து சொன்னார். மற்ற இடங்களைவிட வட்டி கூட்டித் தருகிறானா என்று பார்ப்பாராம். கூட்டித் தந்தால் அவனுக்குப் பணமுடை. உள்ளே போனதும் காப்பீட்டுப் பத்திரம் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறானா. பெரிய தொகை கேட்டால், நாளைக்கு வாங்க என்கிறானா. இதில் முதலாவது பொருளாதாரப் பாடநூலிலும் உண்டு. மற்ற இரண்டும் அப்படி ஒன்றும் துல்லியமானவை அல்ல. காப்பீட்டை எல்லா வங்கியும்தான் தலையில் கட்டுகிறது, சிறிய கிளைகளில் காசு இருப்பும் குறைவாகத்தான் வைப்பார்கள். இதை அவரிடமே சொன்னேன். “இருக்கட்டுமே. நான் ஆளப் பாத்தேன். நீ யாரப் பாத்த?” என்றார். கோபமாக அல்ல.

அந்த 18,000 ரூபாயை அவருக்குக் கொடுக்க முயன்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு அக்காவின் மகள் படிப்புக்கு நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டு கட்டணம் கட்டினோம். அவர்களிடம் காரணம் சொல்லவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளை உதவி செய்கிறான் என்று ஊரில் பேர். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இன்றுவரை திருத்தவில்லை. அந்தப் பெண் இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்.

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். நல்ல மழை, கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. சித்தப்பா வீட்டுப் படியில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா எதிரிலிருந்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கணக்குப் புத்தகம். மகள் மாதாமாதம் அனுப்புகிறதை இப்போது தபாலாபீசில் போடுகிறாராம்.

“தம்பி, நீ பாத்துச் சொல்லுவியே. தபாலாபீசுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

செல்பேசி சட்டைப் பையில்தான் இருந்தது.

“ஆகாதுக்கா” என்றேன். “அது கவருமெண்டு பொறுப்பு. முழுசுக்கும்.”

“நீ சொன்னாச் சரி” என்றுவிட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார்.